தோல்விக்குப் பயிற்சியாளர் மட்டுமா பொறுப்பு?

2020 மார்ச் 8 அன்று மெல்பர்னில், 86,174 ரசிகர்கள் முன்னிலையில், டி-20 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நமது மகளிர் அணி தோற்றது. பயிற்சியாளர் சென்னைக்காரரான டபிள்யூ.வி. ராமன். அதன்பின் கொரோனாவால் ஓராண்டு ஆட்டமே இல்லை. 2021 மார்ச்சில் லக்னோவில் தென்னாப்பிரிக்காவிடம் இரு தொடர்களையும் இழந்தோம். மே மாதம் ராமன் மாற்றப்பட்டார்.

2024 டி-20 உலகக் கோப்பையில், நம் திருவனந்தபுரத்து ஆஷா சோபனா இடம்பெற்ற அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆனாலும் பயிற்சியாளர் அமோல் மஜும்தார் நீடித்தார். 2025 உலகக் கோப்பையில் தொடர்ந்து மூன்று தோல்விகள்; பின்னர் நவம்பர் 2-இல் கோப்பையே நம் கையில்!

ராமனுக்கும் அந்த அவகாசம் கிடைத்திருக்கலாம். நம் பிள்ளைகளின் பள்ளி அணி தோற்றால், ஆசிரியரைக் குறை கூறுமுன், பயிற்சிக்கு எத்தனை நாள் கிடைத்தது என்று கேட்போம்.