எண் இருக்கிறது, தட்டு எங்கே?

பாலிலோ குடிநீரிலோ மருந்திலோ எத்தனை பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன என்று அறிய ஆய்வகங்கள் இன்றும் 19-ஆம் நூற்றாண்டின் வழியைத்தான் நம்புகின்றன. மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, அகர் என்ற ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் பரப்பி, ஓரிரு நாள் வெதுவெதுப்பில் வைப்பார்கள். கண்ணுக்கே தெரியாத உயிர் பெருகிப் பெருகி ஒரு புள்ளியாகத் திரளும்; அதுதான் காலனி. இந்தத் தட்டை ஜூலியஸ் பெட்ரி அறிமுகப்படுத்தியது 1887-ல். அதிலுள்ள புள்ளிகளைப் பேனாவால் குறித்துக் குறித்து எண்ணும் வழக்கம் இன்னும் போகவில்லை. எண்ணி முடித்த தட்டு, கிருமிகளை நீராவியால் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும். பதிவேட்டில் மிஞ்சுவது ஓர் எண் மட்டுமே. தட்டைப் படமெடுத்துக் கணினியை எண்ணவைப்பதை நான் ஆதரிப்பது அது வேகமானது என்பதற்காக அல்ல. எண்ணுக்கு ஒரு சான்று மிஞ்சும் என்பதற்காக.

துல்லியத்தைப் பெரிதாகப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கையேடு 25 முதல் 250 காலனிகள் உள்ள தட்டையே எண்ணத் தகுந்ததாகக் கொள்கிறது. ஒரே தட்டை மறுபடி எண்ணும்போது தம் எண்ணோடு 5 சதவீதத்துக்குள்ளும், பிறர் எண்ணோடு 10 சதவீதத்துக்குள்ளும் பொருந்தாதவர் காரணத்தைத் தேட வேண்டும் என்கிறது. ஆனால் பிழையே இல்லாமல் எண்ணினாலும், 25 காலனிகள் உள்ள தட்டில் தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம் மட்டும் ஏறத்தாழ 20 சதவீதம். 250 இருந்தால் 6 சதவீதம். ஒன்றிரண்டு புள்ளிகளுக்காகக் கண்ணும் கணினியும் போட்டி போடுவதில் பொருளில்லை. கவலை வேறிடத்தில் இருக்கிறது. மருந்துத் தொழிற்சாலைகளில் சோதனைக்குச் சென்ற அந்நிர்வாகத்தின் ஆய்வாளர்கள், ஏட்டில் வளர்ச்சி இல்லை என்று எழுதப்பட்ட தட்டுகளில் காலனிகளை நேரில் கண்டதுண்டு. அவர்கள் போய்ச் சேரும்முன் தட்டுகள் அழிக்கப்பட்டிருந்தால் அந்தப் பூஜ்ஜியம்தான் உண்மையாக நின்றிருக்கும்.

கணினி ஏமாறும் என்பார்கள். உண்மைதான். ஒட்டி வளர்ந்த இரண்டு காலனிகளை ஒன்றாக எண்ணும். காற்றுக்குமிழியையும் விளக்கொளியின் பளபளப்பையும் காலனி என்று எண்ணும். பேசில்லஸ் போல் பரவிப் படரும் இனங்களிடம் தடுமாறும். 2013-ல் வெளிவந்த இலவச மென்பொருளான ஓப்பன்சிஎஃப்யு வட்ட வடிவங்களைத் தேடி எண்ணுகிறது. 2021-ல் வெளியான அகார் என்ற படத்தொகுப்பில், கணினியைப் பழக்குவதற்காக 18,000 படங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட காலனிகளை மனிதர்கள் குறித்துத் தந்திருக்கிறார்கள். ஆனாலும் அதில் இருப்பவை ஐந்து நுண்ணுயிர் இனங்களே. நம் ஊர்த் தயிரிலும் கிணற்றுநீரிலும் வளர்பவை அந்த ஐந்தோடு நிற்பதில்லை. ஆகவே பயிற்சி பெற்ற கண் தேவை. தட்டைச் சாய்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் அந்தத் திறமைக்கு மாற்று இல்லை. ஆனால் கணினி எதை எண்ணியது என்பது படத்தின் மேலேயே வட்டமாகத் தெரிகிறது. அதன் பிழையை நாளை இன்னொருவர் கண்டு திருத்தலாம். மனிதர் செய்த பிழையோ தட்டோடு அழிந்துவிடுகிறது.

செலவு ஒரு தடையல்ல. நிலையான வெளிச்சமும் அசையாத தாங்கியும் இருந்தால் கைப்பேசியே போதும். படத்திலும் ஏமாற்ற முடியாதா என்ற கேள்விதான் கனமானது. வேறொரு தட்டைப் படமெடுத்துவிடலாம். அதனால்தான் தட்டில் எழுதிய மாதிரியின் எண்ணும் தேதியும் படத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். கணினியின் எண்ணைத் திருத்தியவர் யார், எந்தப் புள்ளியை ஏன் நீக்கினார் என்பதும் பதிவாக வேண்டும். மூலப்படத்தை யாரும் அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் துணிந்து பொய் சொல்பவரைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் இப்போது பேனாவின் ஒரு கோட்டில் முடிகிற பொய்க்கு, இனி ஒரு தட்டையே தயாரிக்க வேண்டியிருக்கும்.