பனையும் பானையும்

சோளகக் காற்று வீசிய ஒரு மாலைப் பொழுதில், குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேறி, நயினாதீவிலுள்ள உறவினர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தோம். மூன்றாந் தரத்திற் பயிலும் சிறுவனொருவன் திண்ணையிலிருந்து பாடத்தை உரத்து வாசித்துக்கொண்டிருந்தான். “அப்பு பானையில் ஏறினார்” என்று அவன் வாசித்ததும், அருகே பெட்டி இழைத்துக்கொண்டிருந்த அம்மம்மா நகைத்துவிட்டார்.

“பானையிலை ஏறினால் பானை உடையாதோ, மோனை?”

வீட்டிலிருந்தோர் யாவரும் சிரித்தனர். சிறுவன் புத்தகத்தை மூடினான். அன்றிரவு அதனை மீண்டும் திறந்தானில்லை.

அப்பிள்ளை எழுத்தறியாதவனல்லன். ‘ப’, ‘பா’ என்பவற்றைத் தனியே காட்டிக் கேட்டால் பிழையறச் சொல்வான். வாக்கியத்தில் வரும்பொழுதே ஓசையின் அளவை அவன் செவி தவறவிட்டது. தமிழிலுள்ள 12 உயிர்களுள் குறில் 5, நெடில் 7. விடு, வீடு, எடு, ஏடு, குடை, கூடை, கொடு, கோடு என இவற்றிலெல்லாம் உயிரின் அளவொன்றே பொருளை மாற்றிவிடுகின்றது. அளவு தவறினால் பனை பானையாகும், பிள்ளை நகைப்புக்கிடமாவான்.

முன்னோர்க்கும் இவ்விடர்ப்பாடு இருந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு பழுதாகுமென்று எழுதுவோர் அதனை விட்டனர் என்பர். அதனால் ‘எடு’, ‘ஏடு’ என்னும் இரண்டும் ஒரே வடிவில் நின்றன. வீரமாமுனிவரே (1680–1747) நெடில்களுக்கு வேறு வடிவம் அமைத்து இக்குறையைத் தீர்த்தார். அதுவரை, வாக்கியத்தின் பொருளை நோக்கியே கற்றோர் குறிலா நெடிலா எனத் தெளிந்தனர். எழுத்து உதவாதபோது வாக்கியம் உதவிற்று. இன்றைய சிறுவனுக்கும் அவ்வாக்கியமே நல்லாசான்.

ஆகவே, பெற்றோர் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சியொன்றைக் கூறுவோம். கண்ணிமைக்கும் பொழுது, அன்றேல் கைந்நொடிக்கும் பொழுது ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. குறிலுக்கு ஒருமுறை நொடிக்கவும், நெடிலுக்கு இருமுறை நொடிக்கவும் பிள்ளையைப் பழக்குக. முதலில் எமது தீவுகளின் பெயர்களே போதும். எழுவைதீவில் எகரம் குறுகி ஒலிக்கும். வேலணையில் ஏகாரம் நீண்டு ஒலிக்கும். நெடுந்தீவு நெடுமையைப் பெயரிற் கொண்டும் குறிலில் தொடங்குகின்றது என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

அதன்பின் வாக்கியத்துக்கு வருக. “அப்பு பனையில் ஏறினார், ஆச்சி பானையில் கூழ் காய்ச்சினார்.” இதனை நீங்கள் மெல்ல வாசிக்க, பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, நெடிலில் தொடங்கும் சொல் வருந்தோறும் கையுயர்த்துக. முதல் வாக்கியத்தில் கை ஒருமுறையே உயரும். இரண்டாவதிலோ ஒவ்வொரு சொல்லுக்கும் உயரும். “ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்” என்ற பழமொழியில் ஆகாரமும் அகரமும் இனமாய் நின்று மோனை அமைப்பதையும் அப்பொழுதே செவி உணரத் தொடங்கும். பட்டு என்பதற்குக் கட்டு எதுகையாகும், பாட்டு எதுகையாகாது என்பதைப் பின்னாளில் யாப்பிலக்கணம் கற்கும்போது எளிதில் அறிவான்.

ஓர் எச்சரிக்கை. ஐகாரம் நெடிலாயினும் சொல்லின் இடையிலும் இறுதியிலும் குறுகி ஒலிக்கும். வேலணை என்பதன் ஈற்றை நீட்டி இழுக்குமாறு பிள்ளையை வற்புறுத்தல் தகாது.

பிழைவிடும்போது சிரியாதீர்கள், உடனே திருத்தவும் விரையாதீர்கள். “அந்த வாக்கியம் என்ன சொல்லுது, பிள்ளை?” என்று மட்டும் கேளுங்கள். விடையைத் தேடுபவன் தன் பிழையைத் தானே காண்பான்.

சில வாரங்களின் பின் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். நாம் கூறிச் சென்ற பயிற்சியை அவ்வீட்டார் கைவிடவில்லை. சிறுவன் வாசித்துக்கொண்டிருந்தான். “அப்பு பா…” எனத் தொடங்கியவன் சற்றே நின்றான். விரலை ஒருமுறை நொடித்தான். “பனையில் ஏறினார்” என்றான். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. பெட்டி இழைத்த கையை நிறுத்திவிட்டு அம்மம்மா சொன்னார்: “இன்னொருக்கா வாசி, மோனை.”