சித்தூரிலிருந்து பிஷ்கேக் வரை: மருத்துவக் கல்விக் கடனின் ஏழாண்டுக் கணக்கு

சித்தூர்ப் பகுதியில் தோத்தாபுரி மாங்காய் குவியும் காலமும் நீட் தேர்வு முடிவு வெளியாகும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. ஜூன் மாதத்தில் மாங்கூழ் ஆலைகளின் வாயிலில் டிராக்டர்கள் வரிசையில் காத்திருக்கும். அதே வாரங்களில், மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்த பெற்றோர் சித்தூரிலும் திருப்பதியிலும் வங்கிக் கிளைகளின் படியேறுவர். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: வெளிநாட்டில் மருத்துவம் படிக்கக் கடன் கிடைக்குமா? கிடைக்கும். ஆயினும் அதற்கு முன் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

இப்பகுதியில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி 1960 முதல் இயங்குகிறது. மகளிருக்கென ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரி 2014இல் தொடங்கப்பட்டது. சித்தூரை அடுத்த முருகம்பட்டில் அப்போலோ குழுமத்தின் கல்லூரி இருக்கிறது. எனினும் அரசு இடங்களுக்கு வேண்டிய மதிப்பெண் எட்டாத உயரத்தில் நிற்கிறது. தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டிலோ ஆண்டுக் கட்டணமே பத்து இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணமே. நோயென்றால் மக்கள் முதலில் நினைப்பதும் வேலூரையே. ஆனால் இருப்பிடமும் பள்ளிப் படிப்பும் ஆந்திரத்தில் அமைந்த மாணவர், வீட்டில் தமிழே பேசினாலும், தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டில் இடம் கோர இயலாது. மொழிக்கு எல்லை இல்லை, ஒதுக்கீட்டுக்கு உண்டு.

ஆகவே கிர்கிஸ்தான், ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ் என்று பார்வை திரும்புகிறது. மருத்துவத்துக்காக வெளிநாடு செல்வது இந்த மண்ணுக்குப் புதியதன்று. சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் பிறந்த டாக்டர் பிரதாப் சி. ரெட்டி அமெரிக்காவில் இதயநோய்த் துறையில் பணியாற்றித் தாயகம் திரும்பி, 1983இல் சென்னையில் அப்போலோ மருத்துவமனையைத் தொடங்கியதை அறியாதவர் இப்பகுதியில் அரிது. அவரைச் சான்றாகக் காட்டும் பெற்றோர் ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். அவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற பின்னரே மேற்பயிற்சிக்குக் கடல் கடந்தார். இன்று செல்வோர் பதினெட்டு வயதில், முதற்பட்டத்துக்கே செல்கின்றனர். அன்றைய தலைமுறை உரிமத்தோடு சென்றது. இன்றைய தலைமுறை திரும்பி வந்த பிறகே இங்கே உரிமம் பெற வேண்டும்.

அந்த உரிமத்துக்கான விதிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்டது. அதற்குப் பின் சேர்ந்தவர்கள் வெளிநாட்டில் ஒரே கல்வி நிறுவனத்தில், ஆங்கில வழியில், குறைந்தது 54 மாதங்கள் படித்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி மருத்துவராகப் பணி செய்திருக்க வேண்டும். அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக அங்கே தொழில் புரியும் தகுதியையும் அந்தப் பட்டம் தர வேண்டும். தாயகம் திரும்பித் தகுதித் தேர்வில் தேறியபின் இங்கே மேலும் 12 மாதப் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தாக வேண்டும். மருத்துவப் படிப்புக்குச் செல்லுமுன் நீட் தேர்வில் தகுதி பெற்றிருப்பதும் கட்டாயம்.

இவ்விதிகளை ஒரு குறிப்பிட்ட படிப்பின் மீது வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் கூர்மை புரியும். பிலிப்பைன்ஸின் எம்.டி. படிப்பு நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள். அதற்கு முன் படிக்கும் பி.எஸ். படிப்பை ஆணையம் மருத்துவப் படிப்பின் பகுதியாக ஏற்பதில்லை. ஆறு மாதக் குறைவு ஒரு மாணவரின் பல ஆண்டு உழைப்பை முடக்கிவிடக் கூடும். "ஆணையம் அங்கீகரித்த பல்கலைக்கழகம்" என்று முகவர் எவரேனும் கூறினால் எச்சரிக்கை கொள்க. வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அப்படியோர் அங்கீகாரப் பட்டியலை ஆணையம் வெளியிடுவதில்லை. பாடத்திட்டத்தின் கால அளவு, பயிற்று மொழி, பயிற்சி மருத்துவமனை, தொழில் உரிமம் ஆகிய நான்கையும் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்து வடிவில் பெறுதல் நலம்.

பயிற்று மொழி ஆங்கிலமாகவே இருந்தாலும் நோயாளியின் மொழி ஆங்கிலமன்று. பிஷ்கேக்கில் படுக்கையில் இருப்பவர் கிர்கிஸ் மொழியிலோ ரஷ்ய மொழியிலோதான் தம் வலியைச் சொல்வார். தமிழும் தெலுங்கும் அறிந்த சித்தூர் மாணவருக்குத் திருப்பதி ரூயா மருத்துவமனையின் எந்த வார்டிலும் மொழி தடையாகாது. அங்கே அது தடை. மூன்றாம் ஆண்டுக்குள் உள்ளூர் மொழியில் நோயாளியோடு உரையாடப் பழகாதவர் பாடநூலையே மருத்துவமாகக் கற்றுத் திரும்புகிறார். இது தகுதித் தேர்விலும் தெரிகிறது என்பது என் கருத்து.

வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான அத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. 300 வினாக்கள், தேர்ச்சிக்கு 150 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், பெரும்பாலான முறைகளில் எழுதியோரில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறுவதில்லை. ஒருமுறை தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கடனின் வட்டி காத்திருப்பதில்லை.

இங்கேதான் அந்த வேறொரு கேள்வி எழுகிறது. கட்டணம் எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்கின்றனர். உரிமம் கைக்கு வரும் நாளில் கடன் எவ்வளவாக நிற்கும் என்பதைக் கேட்போர் குறைவு. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். மொத்தச் செலவு 25 இலட்சம். குடும்பம் 5 இலட்சம் போட, மீதி 20 இலட்சம் கடன். ஆண்டுக்கு 4 இலட்சமாக முதல் ஐந்து ஆண்டுகளின் தொடக்கத்தில் வழங்கப்படுகிறது. வட்டி 10 விழுக்காடு, படிப்புக் காலத்தில் தனிவட்டி என்று கொள்வோம். ஆறாம் ஆண்டின் முடிவில் வட்டி மட்டும் 8 இலட்சம். படிப்பு முடிந்தபின் தவணை தொடங்க ஓராண்டு அவகாசம் உண்டு. அந்த ஆண்டுக்கு மேலும் 2 இலட்சம். ஏழாண்டு நிறைவில் கடன் 30 இலட்சம். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 39,600 ரூபாய்.

முதல் முயற்சியிலேயே தேறி உடனே பயிற்சியில் சேர்பவருக்குக்கூட அந்தப் பயிற்சி முடியும் தருவாயில்தான் தவணை வரும். இருமுறை தவறியவருக்கு, பயிற்சி தொடங்கும் முன்னரே வந்து நிற்கும். 2025இல் ஆந்திர அரசு தோத்தாபுரிக்கு நிர்ணயித்த விலை கிலோவுக்கு 12 ரூபாய். அதில் 8 ரூபாய் ஆலை தர, 4 ரூபாய் அரசு தந்தது. அந்த விலையில் ஒரு மாதத் தவணை என்பது 3,300 கிலோ மாங்காய். உரமும் கூலியும் கழிக்காத கணக்கு இது. மாமரமோ ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும்.

மாந்தோப்பையே பிணையாக வைக்கலாமே என்று கேட்பவர் பலர். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பிணை வேண்டும். ஆனால் விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்குப் பிணையாக ஏற்க வங்கிகள் பொதுவாகத் தயங்குகின்றன. கடன் வசூலுக்கான 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதே காரணம். வீடு, வீட்டுமனை, வைப்புத்தொகை ஆகியவை ஏற்கப்படும். பத்து ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர் சித்தூரில் ஒரு மனை வைத்திருப்பவரைவிடக் கடனுக்குத் தகுதி குறைந்தவராகத் தோன்றுவது இதனால்தான். அவருக்கு அது நியாயமாகப் படாது, வருத்தம் புரிகிறது.

எதிர்பாராதவற்றுக்கும் இடம் விட வேண்டும். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் தொடங்கியபோது, பல்லாயிரம் இந்திய மாணவர்கள் ஆபரேஷன் கங்கா விமானங்களில் பாதிப் படிப்போடு திரும்பினர். அவர்களின் எதிர்காலம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. போர் இல்லாவிட்டாலும் நாணய மதிப்பு அமைதியாகத் தன் வேலையைச் செய்யும். 2019 தொடக்கத்தில் ஏறத்தாழ 70 ரூபாயாக இருந்த டாலர், 2025 தொடக்கத்தில் 86ஐ நெருங்கியது. 4,000 டாலர் கட்டணம் 2.80 இலட்சத்திலிருந்து 3.44 இலட்சமாயிற்று, பல்கலைக்கழகம் ஒரு டாலரும் உயர்த்தவில்லை என்றாலும் இதே நிலைதான். கடன் வரம்பைக் கேட்கும்போதே இந்த ஏற்றத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டணத்தை முகவரின் கணக்குக்கு அன்றி, பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே பருவந்தோறும் அனுப்பச் சொல்லுங்கள். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பப்படும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் மூலத்தில் வரி வசூலிக்கப்படுவதில்லை.

மேற்கண்ட கணக்கில் குடும்பத்தால் மாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு: வட்டியைப் படிப்புக் காலத்திலேயே மாதந்தோறும் செலுத்துவது. முதலாண்டில் அது மாதம் ஏறத்தாழ 3,330 ரூபாய். ஆண்டுதோறும் ஏறி ஐந்தாம் ஆண்டு முதல் 16,700 ஆகும். இவ்வாறு செலுத்தினால் ஏழாண்டு முடிவில் கடன் 20 இலட்சமாகவே நிற்கும்; தவணையும் 39,600 அன்றி 26,400 ஆகும். இப்படிச் செலுத்துவோருக்கு வட்டியில் ஒரு விழுக்காடு சலுகை தரும் திட்டங்களும் உண்டு. கடன் வாங்கும் கிளையிலேயே கேட்டறியலாம். வருமான வரி செலுத்துவோர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: பழைய வரி முறையில் கல்விக் கடன் வட்டிக்குக் கிடைக்கும் எட்டாண்டுக் கழிவு, வட்டி செலுத்தத் தொடங்கிய ஆண்டிலிருந்தே எண்ணப்படும். விவசாய வருமானத்தையே நம்பியிருப்போருக்கு இதில் இழப்பேதும் இல்லை. மாங்காய்ப் பணம் ஜூன், ஜூலையில் மட்டுமே வரும் வீடுகளிலும் பால் பணம் ஆண்டு முழுவதும் வருகிறது. முதலிரண்டு ஆண்டுகளின் வட்டிக்கு இரண்டு கறவை மாடுகளின் வருவாயே பெரும்பாலும் போதும்.