சொகுசு ஜீப்: வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் விலை வேறு

2020 மார்ச் மாதத்தில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோதிலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய ஜீப் ஒன்றின் விலை நடுத்தர வியாபாரிக்கு எட்டாத உயரத்தில் நின்றது. ஆகவே பலரின் பார்வை பாவித்த சொகுசு ஜீப்களின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. அவற்றுள் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஆகிய இரண்டும் பெரும்பாலும் அதே வயதுடைய பிராடோவை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஏன் குறைகின்றது என்று விசாரிக்காமல் கடை முதலைத் தூக்கி அதில் போடுவது ஆபத்தானது.

இவ்விரண்டு வாகனங்களும் அண்ணன் தம்பி போன்றவை. டிஸ்கவரி 3 2004இலும், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் 2005இலும் வெளிவந்தன. அடிப்பாகமும் பல உதிரிப்பாகங்களும் இரண்டுக்கும் பொதுவானவை. எனவே நோய்களும் ஏறத்தாழ ஒன்றுதான்.

காற்று சஸ்பென்ஷன்

இவற்றில் சாதாரண ஸ்பிரிங்கிற்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் வாகனத்தைத் தாங்குகின்றன. காலப்போக்கில் அந்த ரப்பர் வெடித்துக் காற்று கசியும். காலையில் பார்த்தால் வாகனம் ஒரு மூலையில் பதிந்து நிற்கும். கசிவை ஈடு செய்ய கம்பிரஸர் ஓயாமல் ஓடி, இறுதியில் அதுவும் எரிந்துவிடும். கம்பிரஸரை மட்டும் மாற்றிவிட்டுக் கசிவை விட்டுவைத்தால் புதிய கம்பிரஸரும் அதே வழியில்தான் போகும். முன்சில்லுகளின் கீழ் ஆம் புஷ்களும் விரைவில் தேய்பவை. டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதனைச் சந்தேகிக்கலாம்.

எஞ்சின்

2.7 லீற்றர் டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் முன்னால் ஒன்றும், எரிபொருள் பம்பை இயக்கும் பெல்ட் பின்னால் ஒன்றும் உண்டு. முன்பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே வீணாகும். ஆரம்பகால எஞ்சின்களில் ஒயில் பம்பின் உறை, பெல்ட்டை இறுக்கும் பாகம் பொருந்தும் இடத்தில் உடைந்து பெல்ட்டைக் கெடுத்ததும் உண்டு. அதனால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றச் சொல்வார்கள். பெயாரிங் சுழன்று கிராங்க் ஷாஃப்ட் உடைவது இந்த எஞ்சினின் மிகக் கொடிய நோய். அது நேர்ந்தால் வேறு எஞ்சின் தேடுவதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை. டர்போ போன்ற பெரிய வேலைகளுக்குப் பல கராஜ்களில் மேல்பொடியையே சேசிஸிலிருந்து தூக்குகிறார்கள். அப்போது பாகத்தின் விலையோடு கூலியும் போட்டி போடும்.

கியரும் பிரேக்கும்

ஓட்டோ கியரின் ஒயிலை மாற்றத் தேவையில்லை என்றொரு பேச்சு உண்டு. அதனை நம்பியவர்களின் கியர்தான் இழுத்து இழுத்து மாறுகிறது. இலெக்ட்ரொனிக் ஹேண்ட் பிரேக் கீச்சிட்டால் உடனே கவனிக்க வேண்டும். விட்டுவைத்தால் சிறிய சரிக்கட்டல் முழு மொடியூலின் செலவாக மாறும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

இவற்றின் பாகங்கள் வெளிநாட்டு நாணயத்தில் விலையிடப்படுபவை. 500 டொலர் பெறுமதியான ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். டொலர் 200 ரூபாவாக இருந்த 2022 ஆரம்பத்தில் அது ஓர் இலட்சம். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது ஓர் இலட்சத்து எண்பதாயிரம். பின்னர் 300 ரூபா அளவுக்கு இறங்கியபோதும் ஒன்றரை இலட்சம். இதற்கு மேல் கப்பற் கூலி, இறக்குமதி வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாக்கப்பட்ட வற் வரி, கராஜ் கூலி எல்லாம் சேரும். ஜப்பான் வாகனத்திற்குப் பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்கினால் கழற்றிய பாகமாவது அகப்படும். இவற்றுக்கு அந்த வசதி குறைவு. பாகம் வரும்வரை வாகனம் கராஜில் நிற்கும். லீசிங் தவணை நிற்காது.

ஆகவே வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது திருத்த வேலைக்கென்று கையில் தனியாக வைத்திருக்க முடியாதவர் இந்த வாகனத்தை நாடாமலிருப்பது நல்லது.

வாங்கு முன்

• எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் சென்று முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏனென்று கேளுங்கள்.
• இரவு முழுவதும் நிறுத்திய வாகனத்தின் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஏற்றி இறக்கியும் பாருங்கள்.
• பெல்ட் மாற்றியதற்குப் பில் கேளுங்கள். வாய் வார்த்தை போதாது.
• இந்த வாகனத்திற்குரிய கருவியால் ஸ்கேன் செய்யுங்கள். விற்பதற்குச் சற்று முன்னர் பிழைகளை அழித்திருக்கலாம். எனவே இருபது கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒரு தடவை ஸ்கேன் செய்யுங்கள்.
• கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் வயர்களில் பச்சைப் பூஞ்சணமும், சீட் போல்ட்களில் துருவும் இருக்கும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நம்மவர் யாவரும் அறிந்ததே. எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு ஜீப் விற்பதும் அதே வகைதான். விற்பதற்கு முன்பே இருந்த, வாங்குபவர் அறியாத குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ‘கியாருல் ஐப்’ என்று பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. “பார்த்து எடுங்கள், பிறகு பேச்சில்லை” என்று சொல்லிவிட்டால், தெரிந்தே மறைத்தவரின் பொறுப்பு அல்லாஹ்விடம் நீங்கிவிடாது. குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றால் பணம் கொஞ்சம் குறையலாம், பரகத் குறையாது.

வாசலில் நிற்கும் ஜீப்பைப் பார்த்து ஊரார் நம்மை மதிக்கலாம். கடையில் சரக்குப் போட முதல் இல்லாத நாளில் அந்த மதிப்பு உதவிக்கு வராது.