கொண்டைக்குருவியின் பெயர்கள்

பாலாற்றை ஒட்டி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழிலாற் பெயர் பெற்ற ஊர்கள் அமைந்துள்ளன. தோல் பதனிடப் பட்டை தந்த ஆவாரஞ்செடி அவ்வூர்ப் புறங்களில் இன்றும் மஞ்சள் மலர்களுடன் காணப்படுகிறது. அச்செடிகளுக்கிடையிலும் வீட்டுத் தோட்டங்களிலும் விடியற்காலையிலேயே குரல் கொடுக்கும் பறவை ஒன்று உண்டு. அது ஒரு சாண் நீளமே உடையது. தலை கறுப்பு, உடல் பழுப்பு, வால்நுனி வெள்ளை, வாலின் அடியில் குங்குமம் அப்பினாற்போன்ற சிவப்பு. கிளர்ச்சி கொண்டால் அதன் தலை இறகுகள் சிலிர்த்துச் சிறு கொண்டையாக நிற்கும்.

அக்கொண்டையைக் கண்டே தமிழர் இதனைக் கொண்டைக்குருவி என்றனர். சின்னான் என்றும் இதற்குப் பெயருண்டு. கண்ணாற் கண்டு இட்ட பெயராதலின், பெயரைக் கேட்டவன் பறவையை எளிதில் அறிந்துகொள்வான்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசுவோர் மிகுதி. அவர்கள் நாவில் இப்பறவை புல்புல் ஆகும். புல்புல் என்பது பாரசீகக் கவிதையில் புகழ்பெற்ற சொல். ரோஜா மலரைக் காதலித்து இரவெல்லாம் உருகிப் பாடும் பறவையாக அந்நாட்டுப் புலவர் அதனைப் பாடினர். ஆனால் அவர்கள் கண்ட புல்புல் வேறு. அது கொண்டையும் சிவப்பும் இல்லாத, மங்கிய பழுப்பு நிறமுடைய இராப்பாடி. தமிழ்நாட்டில் அது வாழ்வதில்லை. கவிதையோடு இந்தியாவிற்கு வந்த பெயர், இங்கிருந்த வேறொரு பறவையின்மீது ஏறிக்கொண்டது. இக்பால் 1904-இல் இயற்றிய நாட்டுப் பாடலில், நாட்டைத் தோட்டமாகவும் மக்களை அதன் புல்புல்களாகவும் உருவகித்தார். கொண்டைக்குருவி நீண்ட இசை பாடுவதில்லை. சில இனிய ஒலிகளையே திரும்பத் திரும்ப எழுப்பும். எனினும் பெற்ற பெயருக்கு அது நாணவேண்டியதில்லை. கேட்பதற்கு இனிமை குறைவன்று.

விஞ்ஞானிகள் இட்ட பெயரின் கதை இன்னும் விந்தையானது. இதன் இலத்தீன் பெயர் பிக்னோனோட்டஸ் காஃபர். முதற்சொல், அடர்ந்த முதுகுடையது எனப் பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தது. முதுகிறகின் அடர்த்தி பற்றி எழுந்த அப்பெயரிற் குறையில்லை. காஃபர் என்பதே பிழை. 1760-இல் பிரிசோன் என்னும் பிரெஞ்சு அறிஞர், தம்மிடமிருந்த பறவை ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்ததெனக் கருதினார். அவரை நம்பிய லின்னேயசு, 1766-இல் தென்னாப்பிரிக்காவைச் சுட்டும் காஃபர் என்னும் சொல்லைச் சேர்த்தார். இப்பறவைக்கோ ஆப்பிரிக்கா தாயகமன்று. அந்நாளில் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற கப்பல்கள் அம்முனையைச் சுற்றியே சென்றன; எப்பறவை எத்துறையில் ஏற்றப்பட்டது என்பதில் மயக்கம் நேர்ந்திருத்தல் வியப்பன்று. 1952-இல் ஸ்ட்ரெசமான் என்னும் ஜெர்மானிய அறிஞர், அதன் மூல இடம் புதுச்சேரி என வரையறுத்தார். நம் அண்டை ஊர்ப் பறவை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஏடுகளில் அயலூர்ப் பறவையாய் இருந்தது!

இடம் திருந்தியும் பெயர் திருந்தவில்லை. முதலில் முறைப்படி இட்ட பெயர், பொருளாற் பொருந்தாதாயினும் நிலைக்கும் என்பது விலங்கியற் பெயரிடும் விதி. பொருந்தாப் பெயரையெல்லாம் ஒவ்வொருவரும் மாற்றத் தொடங்கினால், ஒருவர் எழுதியது மற்றவர்க்கு விளங்காமற் போகும்.

ஆயினும் இச்சொல்லில் வேறொரு முள்ளும் உண்டு. நம்பிக்கையில்லாதவன் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிற் பிறந்த இது, தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகத் திரிந்தது. ஆகவே 2024-இல் மாட்ரிட் நகரிற் கூடிய உலகத் தாவரவியல் மாநாடு, இச்சொல்லையுடைய 200-க்கும் மேற்பட்ட பெயர்களில், ஆப்பிரிக்காவைக் குறிக்கும் வேறு வடிவத்தை அமைக்க முடிவு செய்தது. அம்முடிவு செடிகொடி, காளான், பாசி ஆகியவற்றிற்கே உரியது. பறவையின் ஏட்டுப்பெயரில் காஃபர் இன்றும் நீடிக்கிறது. ஆம்பூர்த் தோட்டங்களில் அது கொண்டைக்குருவியாகவும் புல்புல்லாகவும் வழங்கிவருகிறது.