சைக்கிள் கடையில் ஒரு விமான எஞ்சின்

தையல் யந்திரத்தைத் துடைப்பதற்காகப் பிரித்துவிட்டு, மறுபடி பூட்டி முடித்ததும் ஒரு திருகாணி மட்டும் மிச்சமாகிக் கையில் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால், சார்லி டெய்லரை நீங்கள் மெச்சாமல் இருக்க முடியாது. அவர் ஒரு சைக்கிள் கடையின் பின்கட்டிலேயே ஆகாய விமானத்துக்கு எஞ்சின் செய்து பூட்டிய மனிதர்!

அமெரிக்காவில், ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் இருந்தது அந்தக் கடை. சொந்தக்காரர்கள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் சகோதரர்கள். கைவேலை அவர்களுக்குத் தாய்வழிச் சொத்து. தாயார் சூசன் வண்டி செய்பவரின் மகள். குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்களைத் தாமே செய்து கொடுப்பாராம்.

1902-ஆம் ஆண்டு முடிவதற்குள் பறக்கும் விதம் சகோதரர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. எஞ்சின்தான் இல்லை. எட்டுக் குதிரைச் சக்தி வேண்டும். கனமோ குறைவாக இருக்க வேண்டும். பல கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டார்கள். ஏற்ற எஞ்சின் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் கடைச் சிப்பந்தியான சார்லியிடமே வேலை வந்தது. மோட்டார் எஞ்சினோடு அவருக்கு இருந்த பரிச்சயம், முன்பு ஒரு காரைப் பழுது பார்க்க முயன்றதோடு சரி!

முறையான வரைபடம்கூடக் கிடையாது. துண்டுக் காகிதத்தில் ஒவ்வோர் உறுப்பாக வரைவார்கள். சார்லி அதைத் தம் மேஜைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு செய்வார். எஞ்சினின் கூடு அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. பெட்ரோலைத் திறந்து மூட, வீட்டு காஸ் விளக்கின் சாதாரணக் குழாய்த் திருகு!

கிராங்க் ஷாப்ட் என்னும் சுழல் தண்டுதான் பெரும்பாடு. நூறு ராத்தல் உருக்குப் பாளத்தில் கோடு வரைந்து, அதையொட்டி வரிசையாகத் துளை போட்டார் சார்லி. உளியும் சுத்தியலும் கொண்டு வேண்டாததைத் தட்டி எடுத்தார். பிறகு லேத்தில் ஏற்றிக் கடைந்தார். மிஞ்சியது 19 ராத்தல். பலாப்பழம் அரிந்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்!

ஆறே வாரத்தில் எஞ்சின் தயார். ஆனால் 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தபோது தண்டு இறுகிப் பிடித்துக்கொண்டது, கூடு உடைந்தது. பட்ட பாடெல்லாம் வீண்தானா? சார்லி சளைக்கவில்லை. புதுக் கூடு வார்த்து வந்ததும் மீண்டும் பூட்டினார். இந்தத் தடவை எட்டுக்குப் பதில் பன்னிரண்டு குதிரைச் சக்தி கிடைத்தது!

1903 டிசம்பர் 17-ஆம் தேதி, கிட்டி ஹாக் அருகே ஆர்வில் 12 விநாடி பறந்தார். 120 அடி தூரம். அன்றைய நான்காவது தடவையில் வில்பர் 59 விநாடி, 852 அடி. உலகம் ரைட் சகோதரர்களைக் கொண்டாடியது. அந்தக் காட்சியைப் பார்க்கச் சார்லி அங்கே இல்லை, டேட்டனில் இருந்தார்.

1955-இல் அவர் ஓர் இலவச ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரிந்து, விமானத் தொழிலைச் சேர்ந்தவர்கள் பணம் திரட்டி உதவினார்கள். மறு வருஷம் ஜனவரியில், 87-ஆம் வயதில் காலமானார். பின்னாளில் ஐம்பது ஆண்டு உழைத்த மெக்கானிக்குகளுக்கு அமெரிக்க அரசு வழங்கும் விருதுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

விருந்து பிரமாதம் என்று பந்தியில் எல்லோரும் சொல்வார்கள். அடுப்படியில் நின்றவரைப் பற்றி எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்? தலைக்கு மேல் விமானம் பறக்கும்போது, சார்லியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.