இல்லந்தோறும் ஊசியும் நூலும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உணவைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கிராம வளர்ச்சிக் கூட்டங்களில் நாம் நிறையப் பேசுகிறோம். உடையைப் பற்றிய பேச்சோ, நெய்வோர், விற்போர், கூலிக்குத் தைப்போர் ஆகியோரோடு முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் வந்த துணி எத்தனை ஆண்டு உழைக்கிறது, நைந்தபின் அது என்ன ஆகிறது, அதைப் பேணும் கைத்திறன் பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்குச் செல்கிறதா என்பனவற்றை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஊரில் உள்ளதைக் கணக்கெடுத்தல்

காரைக்குடியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குன்றக்குடி, சண்முகநாதர் கோயிலால் மட்டுமன்றிக் கிராமத் திட்டத்தாலும் பெயர் பெற்ற ஊராகும். தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995) 1970-களில் அங்குத் தொடங்கிய பணியில், 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து அறிவியலாளர்களும் துணை நின்றனர். அறிவியல் அறிவு ஊருக்குள் வந்தது; சிறு தொழில்கள் தோன்றின. அத்திட்டத்திலிருந்து நாம் பெறும் படிப்பினை ஒன்று உண்டு. ஓர் ஊரின் வளர்ச்சியைத் திட்டமிடுவோர், அவ்வூரில் என்ன இல்லை என்று கேட்பதற்கு முன், என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தல் வேண்டும்.

அவ்வாறு கணக்கெடுக்கப் புகுந்தால், கிணறும் கண்மாயும் கால்நடையும் ஏட்டில் ஏறும். முதிய பெண்மணியின் விரல்களில் உள்ள தையல் திறன் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பெட்டியில் மடித்து வைத்த பழைய பருத்திச் சேலைகளும் ஏறுவதில்லை. செட்டிநாட்டுப் பகுதிக்கு இச்செல்வம் புதிதன்று. தடித்த பருத்தி நூலும், பட்டைக் கரையும், கட்டங்களும் கொண்ட காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உழைக்கும் துணியை நெய்த பகுதி இது. அத்துணியை இறுதி இழை வரை உழைக்கவைக்கும் கலையையும் இப்பகுதியினர் பேணுதல் பொருத்தமேயாகும்.

பழந்துணியின் மறுபிறப்பு

பழைய சேலையைத் தூளியாகக் கட்டுவதும், மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்குவதும் நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். பலமுறை தோய்த்த பருத்தித் துணி மென்மையாகி, குழந்தையின் தோலை உறுத்தாமலும் ஈரத்தை உறிஞ்சியும் பயன்படும். துணியை ஒட்டித் தைக்கும் கலை நம் கோயில்களிலும் உண்டு. தேர்களில் அசைந்தாடும் தொம்பைகள் வண்ணத் துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கப்பட்டவையே.

பிற மாநிலங்களில் இக்கலை பெரும் புகழ் பெற்றுள்ளது. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தைத்தவையே 'காந்தா' போர்வைகள். பீகாரில் 'சுஜனி' என்பர். பிறந்த குழந்தையைப் பழந்துணியில் பொதியும் வழக்கத்தோடு அது தொடர்புடையது. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்னும் ஒட்டுப் போர்வையைத் தைக்கின்றனர். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, துணித்துண்டுகளின் விளிம்பை உள்ளே மடித்துக்கொண்டே நடுப்பகுதியை நோக்கிச் செல்வர். முடிவில் நான்கு மூலைகளிலும் மலர் போன்ற சிறு மடிப்புகளை வைத்துத் தைப்பர். அம்மலர்கள் இல்லாத போர்வை நிறைவு பெறாதது என்பது அவர்கள் கொள்கை.

இவை யாவும் சந்தைக்காகத் தோன்றியவை அல்ல. வீட்டில் உள்ளோருக்காகத் தோன்றியவை. சந்தை பின்னரே அவற்றைத் தேடி வந்தது.

அடுக்குப் போர்வை தைக்கும் முறை

வழக்கமான சேலை ஒன்று ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளமும் 1.15 மீட்டர் அகலமும் உடையது. அதை வெட்ட வேண்டியதில்லை. முன்னும் பின்னுமாக மூன்றாக மடித்தால், சுமார் 1.8 மீட்டர் நீளமுள்ள மூவடுக்குப் போர்வை கிடைக்கும். ஒருவர் போர்த்திக்கொள்ள அது போதும். இரண்டு சேலைகளைச் சேர்த்து ஆறு அடுக்காக்கினால் தரையில் விரிக்கத் தக்க தடிப்பு உண்டாகும்.

முதலில் துணியை நன்கு தோய்த்து வெயிலில் உலர்த்துக. பருத்தியோடு பாலியெஸ்டரைக் கலத்தல் ஆகாது. பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் அவ்வாறு சுருங்காது, ஆதலின் போர்வை கோணும். தீப்பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும் ஆபத்தும் உண்டு. கிழிந்த இடங்களுக்கு வலுவான துண்டை ஒட்டுப் போடுக. மிகவும் நைந்த பகுதி நடு அடுக்கில் மறையுமாறும், முந்தானை மேலே தெரியுமாறும் மடித்தல் நன்று. வெளியில் தெரியும் இரு முனைகளையும் உள்ளே மடித்துவிடல் வேண்டும்.

பின்னர்ச் சமமான தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையளவு நீளமான தற்காலிகத் தையல்களை இடுக. அடுக்குகள் நகராமல் இருப்பதற்கே இது. வேலை முடிந்ததும் இந்நூலை உருவிவிடலாம். அதன்பின் நீளவாட்டில் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் இடுக. ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்திச் செல்லும் எளிய தையலே அது. தையல் சிறிதாகவும் சீராகவும் இருந்தால், ஓர் இழை அறுந்தாலும் அடுத்தவை தாங்கும். நூலை இறுக இழுத்தலாகாது. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது; இறுக்கித் தைத்தால் அக்காற்றுக்கு இடமிராது.

1.15 மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 23 வரிசைகள் வரும். எல்லா வரிசைகளையும் கூட்டினால் தையலின் நீளம் 41 மீட்டருக்கு மேலாகும். நாளொன்றுக்கு இரண்டு வரிசை தைத்தால் 12 நாட்களில் போர்வை முடியும். மழையை நம்பிய நம் பகுதியில், நெல்லறுப்பு முடிந்து மாசி, பங்குனி வந்தால் வயல்வேலை குறையும். அந்நாட்களில் தொடங்கினால், ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் முன்னரே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு போர்வை ஆயத்தமாகிவிடும்.

பொறியைப் பேணுதல்

கையூசியில் பழகியவருக்குத் தையற்பொறி எளிது. 1846-இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவே தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கையூசிக்குக் காது பின்முனையில் இருக்கும். பொறியின் ஊசிக்கோ கூர்முனை அருகிலேயே இருக்கும். மேல்நூல் அக்காதின் வழியே இறங்கிக் கீழுள்ள பாபின் நூலோடு பின்னிக்கொள்ளும். 1851-இல் ஐசக் சிங்கர் தம் பொறிக்கு உரிமை பெற்றார். நம் நாட்டில் 1930-களில் 'உஷா' பொறிகள் உருவாயின.

நூல் அடிக்கடி அறுந்தால் பொறி கெட்டுவிட்டதென்று மூலையில் தள்ளிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். ஊசி மழுங்கியிருக்கலாம், புறம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம், மேல்நூல் மிக இறுகியிருக்கலாம், பாபின் கூட்டில் பஞ்சு அடைந்திருக்கலாம். பஞ்சைத் தூரிகையால் நீக்கி, துளைகளில் ஓரிரு சொட்டுத் தையற்பொறி எண்ணெய் இடுக. தேங்காயெண்ணெய் காலப்போக்கில் பிசுபிசுத்து உறைந்துவிடும். அதனை இடுதல் கூடாது. பல அடுக்குத் துணிக்கு 16 அல்லது 18-ஆம் எண் ஊசி ஏற்றது.

கூலிக் கணக்கும் குடும்பக் கணக்கும்

இங்கு விவசாயி ஒருவர் கேட்கலாம்: "41 மீட்டர் தைப்பதற்கு ஆகும் நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டால், கடையில் ஒரு போர்வை வாங்குவது மலிவன்றோ?" கேள்வி நேர்மையானது, கணக்கும் சரியானதே. கூலிக்காகத் தைக்க விரும்புவோருக்கு வேறு வழிகள் உள்ளன. சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த பள்ளிக் குழந்தைகளின் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் வாயிலாகக் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு அரசு இலவசமாகத் தையற்பொறி வழங்குகிறது. இவை பிழைப்புக்கு உதவுவன, போற்றத்தக்கவை.

ஆனால் கூலி கிடைத்தால்தான் தையல், இல்லையேல் பொறியை மூடி வைப்போம் என்னும் எண்ணமே இன்று தீங்கு செய்கிறது. கோலம் இடுவதற்கு எவரும் கூலி கேட்பதில்லை. தையலும் அத்தகைய வாழ்நாட் பொழுதுபோக்காக விளங்கத்தக்கது. எட்டு வயதில் தொடங்கி எண்பது வயது வரை கைவிடாமல் செய்யக்கூடிய தொழில்கள் சிலவே. அவற்றுள் இது ஒன்று. மணமகளின் சேலையும், மறைந்த தாத்தாவின் வேட்டியும், பேரனின் முதற் சட்டையும் ஒரே போர்வையில் இடம்பெறும்போது அதன் விலையை எந்தக் கடைக்காரரும் சொல்லவியலாது.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வயலிலும் அடுக்களையிலும் உழைத்துக் களைத்த பெண்ணின் தலையில், தையலையும் மற்றொரு சுமையாக ஏற்றினால் அது பொழுதுபோக்கு ஆகாது. குடும்பத்தார் பங்கு கொண்டால்தான் அதற்கு அப்பெயர் தகும். பாட்டிக்குக் கைத்திறன் உண்டு, கண் மங்கியிருக்கும். பேரப்பிள்ளை ஊசியில் நூல் கோத்துத் தரலாம். துண்டுகளை நிறவாரியாகப் பிரிக்கலாம். பத்து வயதுச் சிறுவனும் சிறுமியும் முரட்டுத் துணியில் ஓட்டுத் தையல் பழகலாம். தந்தையார் பொறிக்கு எண்ணெய் இட்டு, தோல்வாரை இறுக்கி, கத்தரிக்கோலைச் சாணை பிடித்துத் தரலாம். விருப்பமிருப்பின் தாமும் தைக்கலாம். தையல் ஆண்மகனுக்கு ஆகாது என்போர், நம் ஊர்த் தையற்கடைகளில் அமர்ந்திருப்போர் யார் என்பதை எண்ணிப் பார்ப்பாராக. வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பெட்டியில் வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே கற்பித்தல் அவசியம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஊரில் எத்தனை தையற்பொறிகள் உள்ளன, அவற்றுள் எத்தனை ஓடாமல் கிடக்கின்றன, கைத்தையல் அறிந்த முதியோர் யாவர் என்று ஊராட்சி ஒரு பட்டியல் எடுக்கலாம். பழுதுபார்ப்பவர் ஒருவரை ஆண்டுக்கு இருமுறை அழைத்து, எல்லாப் பொறிகளையும் ஒரே நாளில் சீர்செய்யலாம். நல்ல விளக்கும் பாயும் உள்ள பொதுக்கட்டடம் ஒன்றை வாரத்தில் ஒரு மாலை திறந்து வைக்கலாம். முதியோர் கற்பிக்க, இளையோர் கற்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனை முன்னின்று நடத்தத் தகுதியுடையன. குன்றக்குடியைச் சுற்றியுள்ள ஊரார், அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, மனையியல் பயிற்சிகள் பற்றிக் கேட்டறியலாம். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடும்போது, அவ்வாண்டில் தைத்த போர்வைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு ஊரார் காணச் செய்யலாம்.

கண்மாய் தூர்ந்தால் மண்ணை வெட்டி மீண்டும் ஆழப்படுத்தலாம். முதியவர் ஒருவரின் கைத்திறன் அவரோடு மறைந்துபோனால் அதை மீட்டெடுக்க எந்த நிதியாலும் இயலாது. ஆதலின், இம்மாசியில் அறுவடை முடிந்து களம் ஓய்ந்ததும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய சேலையை எடுத்து மூன்றாக மடியுங்கள். முதல் வரிசையை வீட்டின் மூத்தவர் தைக்கட்டும். இரண்டாம் வரிசையை வீட்டின் இளையவர் தைக்கட்டும்.